பெற்றோரின் இரத்தமா, முளையத்தின் கலமா: நிறமூர்த்தத்தை எங்கே முதலில் தேடுவது?

இரண்டு மூன்று தடவை கரு தங்காமல் போன தம்பதியிடம் இப்போதெல்லாம் யாராவது ஒருவர் "குரோமோசோம் பார்த்தனீங்களா?" என்று கேட்டு விடுகிறார்கள். கேட்பவர் கிளினிக்கில் இருக்கும் வைத்தியராக இருக்கலாம், கனடாவில் இருக்கும் மச்சாளாகவும் இருக்கலாம். நல்ல கேள்விதான். ஆனால் குரோமோசோம், அதாவது கலத்துக்குள் பரம்பரைத் தகவலைச் சுமக்கும் நிறமூர்த்தம், பார்ப்பது என்பது ஒரே ஒரு சோதனை இல்லை. கணவன் மனைவி இருவரின் இரத்தத்தில் பார்க்கலாம். கலைந்து போன கருவின் இழையத்தில் பார்க்கலாம். முட்டையையும் விந்தையும் உடலுக்கு வெளியே சேர்க்கும் ஐ.வி.எப். செய்து, உருவாகும் முளையத்தில், அதாவது சில நாள் வயதுக் கருவில், கருப்பைக்குள் வைக்க முன்னர் பார்க்கலாம். இயற்கையாகத் தங்கிய கருவை அது வயிற்றில் வளரும்போதே பார்க்கலாம். ஒவ்வொன்றிலும் தெரிவது வேறு, தெரியாமல் போவதும் வேறு.

திருகோணமலையில் இருந்துகொண்டு இதைத் தீர்மானிக்கிறவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. கொழும்பு இங்கிருந்து 260 கிலோமீற்றர் அளவில் இருக்கிறது. இரவு ரயிலில் போய், பகல் முழுக்கக் காத்திருந்து, மறுபடி இரவு திரும்புவது கடலுக்குப் போகிறவருக்கும் கடை வைத்திருப்பவருக்கும் உழைப்பை இழக்கும் விசயம். மூதூர், வெருகல் பக்கம் இருந்து வருகிறவர்களுக்கு அதற்கு மேலும் ஒரு பயணம். ஐ.வி.எப். என்று தொடங்கினால் பேச்சு நகையில் ஆரம்பித்துக் காணி வரைக்கும் போகும். எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்ற வரிசை தவறினால் அந்தக் காசும் போகும், மனமும் உடையும்.

நான் ஆய்வுகூடத்தில் வேலை பார்க்கிறவள். சிகிச்சை சொல்வது வைத்தியரின் வேலை. எந்தச் சோதனை எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பதுதான் எனக்குத் தெரிந்தது. என் முடிவை முதலிலேயே சொல்லி விடுகிறேன். கருச்சிதைவு தொடரும் தம்பதி, இருவரின் இரத்தத்திலும் கரியோடைப், அதாவது நிறமூர்த்தங்களை நுணுக்குக்காட்டியில் எண்ணி உருவம் பார்க்கும் சோதனை, செய்து பார்க்காமல் முளையச் சோதனைக்குக் காசு கட்டக் கூடாது. பழைய சோதனை, மலிவான சோதனை என்று அதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் பிறகு திரும்பி வந்து அதே இரத்தத்தைக் கொடுக்கிறார்கள்.

உருவத்தைப் பார்ப்பது, அளவை எண்ணுவது

மனிதக் கலத்தில் இருக்கும் நிறமூர்த்தங்கள் 46 என்பது உறுதியானதே 1956 இல்தான். சுவீடனின் லுண்ட் நகரில் ஜோ ஹின் ஜியோவும் அல்பர்ட் லெவானும் அதைக் காட்டும் வரை பாடப்புத்தகங்களில் 48 என்றுதான் இருந்தது. 1959 இல் பிரான்சில் லெஜூன், கோத்தியே, துர்ப்பான் மூவரும் டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகளில் 47 இருப்பதைக் கண்டார்கள். கூடியிருப்பது 21 என்று இன்று தெரியும். அப்போது எந்த நிறமூர்த்தம் என்று திட்டமாகச் சொல்ல முடியவில்லை. அளவையும் நடுவில் இருக்கும் இடுக்கின் இடத்தையும் வைத்து ஏ முதல் ஜி வரை ஏழு கூட்டமாகப் பிரிக்கத்தான் முடிந்தது. 21ஐயும் 22ஐயும் பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் சுவீடனின் காஸ்பர்சன் குழு குவினகிரின் சாயத்தில் ஒளிரும் பட்டைகளைக் கண்டது. 1971 இல் இங்கிலாந்தில் மரினா சீபிரைட் என்ற பெண், டிரிப்சினில் கொஞ்ச நேரம் வைத்துக் கீம்சா சாயம் ஏற்றினால் ஒவ்வொரு நிறமூர்த்தத்திலும் தனக்கே உரிய கறுப்பு வெள்ளைப் பட்டைகள் தெரியும் என்று காட்டினார். இன்றைக்கும் கரியோடைப் செய்கிற லாப்களில் பெரும்பாலும் அந்த வழிதான்.

அந்தச் சோதனைக்கு உயிருள்ள கலங்கள் வேண்டும். இரத்தம் பச்சை மூடி போட்ட ஹெபரின் ரியூப்பில் எடுக்கப்படுவது அதற்காகத்தான். வெண்குருதிக் கலங்களைத் தூண்டி மூன்று நாள் வளர்த்து, அவை பிரியும் நேரத்தில் கொல்ச்சிசின் வகை மருந்தால் நிறுத்தி, ஐதான உப்புக் கரைசலில் ஊத வைத்து, கண்ணாடித் தட்டில் துளித் துளியாக விடுவார்கள். ஒவ்வொரு துளியிலும் கலங்கள் வெடித்து நிறமூர்த்தங்கள் பரவிக் கிடக்கும். சாயம் ஏற்றி, வழக்கமாக 20 கலங்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் 46ஐயும் எண்ணிச் சோடி சேர்ப்பார்கள். முதலாவது நிறமூர்த்தத்தில் ஏறத்தாழ 25 கோடி மூலச் சோடிகள், அதாவது டி.என்.ஏ.யின் எழுத்துச் சோடிகள்; 21ஆவதில் ஐந்து கோடிக்கும் குறைவு. பெரியதில் இருந்து சிறியதுக்கு இலக்கம் போட்டவர்கள் 22தான் சிறியது என்று நினைத்து விட்டார்கள். உண்மையில் 21தான் சிறியது. இலக்கம் அப்படியே நின்று விட்டது.

இதற்குப் பிறகு வந்த முறைகளில் பெரும்பாலானவை டி.என்.ஏ.யை எண்ணுகிறவை. அவற்றுக்கு ஊதா மூடி ரியூப் போதும், கலம் உயிரோடு இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு நிறமூர்த்தத்துக்கும் உரிய டி.என்.ஏ. எவ்வளவு இருக்கிறது, கூடவா குறையவா என்று சொல்லும். கரியோடைப்பில் 50 இலட்சம் முதல் ஒரு கோடி மூலச் சோடிகளுக்குக் குறைந்த மாற்றம் கண்ணில் படாது. பெற்றோரின் இரத்தத்தில் செய்யும் மைக்ரோஅறே என்னும் டி.என்.ஏ. எண்ணும் சோதனை அதைவிடப் பல மடங்கு நுணுக்கமாகப் பிடிக்கும். அப்படியானால் புதியதே மேல் என்று தோன்றும். இல்லை. அரிசி மூடைகளைத் தராசில் நிறுத்தால் மொத்த நிறை தெரியும். எந்த மூடை எந்த மூடையோடு சேர்த்துத் தைக்கப்பட்டிருக்கிறது என்று தராசு சொல்லாது. தொடர் கருச்சிதைவில் நாங்கள் தேடுவது அந்தத் தையலைத்தான்.

அந்தத் தையல் என்ன

சிலரில் ஒரு நிறமூர்த்தத்தின் துண்டும் இன்னொன்றின் துண்டும் இடம் மாறியிருக்கும். எதுவும் கூடவில்லை, குறையவில்லை. இதைச் சமநிலை இடமாற்றம் என்பார்கள். ஆளுக்கு ஒரு குறையும் இருக்காது. படித்து, வேலை பார்த்து, கல்யாணம் செய்து இருப்பார். இப்படி இடம் மாறியவர்கள் ஏறத்தாழ 500 பேருக்கு ஒருவர். வேறொரு வகையில் 13, 14, 15, 21, 22 ஆகியவற்றில் இரண்டு ஒன்றாக ஒட்டிக்கொண்டு, எண்ணினால் 45 வரும். அது ஏறத்தாழ 1000 பேருக்கு ஒருவர். இதை ரொபர்ட்சோனியன் என்பார்கள். தொடர்ந்து கரு கலையும் தம்பதிகளில் நூற்றுக்கு 2 முதல் 5 வரையான சோடிகளில் ஒருவரிடம் இந்த இரண்டில் ஒன்று இருக்கும்.

14உம் 21உம் ஒட்டியிருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய முட்டையிலோ விந்திலோ ஆறு வகையான பங்கீடு வரலாம். ஒன்று முற்றிலும் இயல்பானது. இன்னொன்று அவரைப் போலவே ஒட்டிய நிறமூர்த்தத்தைச் சமநிலையோடு கொண்டது. அந்தப் பிள்ளையும் சுகமாக இருக்கும். மீதி நான்கில் 14 கூடியதும் குறைந்ததும் 21 குறைந்ததும் ஆரம்பத்திலேயே கலைந்து விடும். 21 கூடியது கலையவும் கூடும், டவுன் சின்ட்ரோமோடு பிறக்கவும் கூடும். நல்ல விசயம், ஆறும் சமமாக வருவதில்லை. சுகமான இரண்டு வகையும்தான் கூடுதலாக வரும், ஆணிடம் இருந்தால் இன்னும் கூடுதலாக. தாயிடம் இந்த ஒட்டு இருந்தால் டவுன் சின்ட்ரோம் பிள்ளை பிறக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 10 முதல் 15. தந்தையிடம் இருந்தால் நூற்றுக்கு ஒன்றின் அளவுதான். ஆனால் இரண்டு 21உம் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் கதையே வேறு: பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் டவுன் சின்ட்ரோம்தான் இருக்கும். ஒரே பெயர் கொண்ட குறை, எந்த நிறமூர்த்தம் என்பதில் முடிவு தலைகீழாகிறது. தனித்தனியாக அடையாளம் காண்பது ஏன் முக்கியம் என்று கேட்பவர்களுக்கு இதைவிட நேரான பதில் என்னிடம் இல்லை.

இங்கே ஒன்றைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். இரத்தம் கொடுக்க வரும் பெண் அநேகமாகத் தனியாக வருகிறாள், அல்லது மாமியோடு வருகிறாள். "மிஸ், எனக்கு மட்டும்தான் எழுதித் தந்திருக்கு. அவருக்கும் எடுக்கணுமா?" என்று கேட்டாள் ஒரு தங்கச்சி. "ஓம், இரண்டு பேருக்கும் எடுக்கத்தான் வேணும். நாளைக்கு அவரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றேன். கூட நின்ற மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கரு தாயின் வயிற்றில் கலைகிறது என்பதால் காரணமும் அவளிடம்தான் என்று முடிவு கட்டி விடுகிறோம். இடம் மாறிய நிறமூர்த்தம் ஆணிடமும் இருக்கும். ஒருவருக்கு மட்டும் செய்த சோதனை பாதிச் சோதனைகூட இல்லை, ஏனென்றால் "இயல்பு" என்று வரும் அந்த ஒரு தாளை வைத்துக்கொண்டு தம்பதிக்கே பிரச்சினை இல்லை என்று நம்பி விடுவார்கள்.

சொந்தத்துக்குள் கல்யாணம் செய்ததால்தான் இப்படி என்றும் சொல்வார்கள். மச்சான் மச்சாள் கல்யாணத்தால் கூடுவது இரு பக்கமும் மறைந்திருக்கும் பரம்பரை அலகு நோய்கள். நிறமூர்த்தம் இடம் மாறுவதற்கு அது காரணம் இல்லை. அதேபோல, தலசீமியா போன்ற நோய்களை இந்தக் கட்டுரையில் வரும் எந்த நிறமூர்த்த எண்ணிக்கைச் சோதனையும் காட்டாது. அதற்கு வேறு சோதனை.

சாம்பிள் போகும் வழி

எங்கள் மாவட்டத்தில் எடுக்கும் இரத்தம் கரியோடைப்புக்குக் கொழும்புக்குப் போகிறது. கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் மனித மரபியல் பிரிவு இந்தச் சோதனையையும் மரபியல் ஆலோசனையையும் தருகிறது; தனியார் ஆய்வுகூடங்களும் எடுக்கின்றன. கலம் உயிரோடு போய்ச் சேர வேண்டும் என்பதால் 24 மணித்தியாலத்துக்குள், பிந்தினால் 48க்குள், லாப்பில் இருக்க வேண்டும். திருகோணமலை வெயிலில் வான் வண்டியின் முன் கண்ணாடிக்குக் கீழே வைத்துக் கொண்டு போனால் வளராது. பயந்து ஐஸுக்குள் புதைத்தாலும், உறைந்து போனால் அதுவும் கெட்டுவிடும். நிழலான, குளிர்ச்சியான பெட்டி போதும். வெள்ளிக்கிழமை எடுத்து சனி ஞாயிறு எங்காவது கிடப்பதைவிட, கிழமையின் தொடக்கத்தில் கொடுங்கள். முடிந்தால் நீங்களே போய்க் கொடுப்பது இன்னும் நல்லது, ஏனென்றால் மரபியல் ஆலோசனைக்கும் சேர்த்து நாள் எடுக்கலாம். ரிப்போர்ட்டுக்கு இரண்டு மூன்று கிழமை ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ரிப்போர்ட் வந்ததும் ஒரு எச்சரிக்கை. 9ஆம் நிறமூர்த்தத்தின் நடுப்பகுதி தலைகீழாக இருக்கிறது என்று எழுதியிருந்தால் பயப்பட வேண்டாம். நூறு பேரில் ஒன்று முதல் மூன்று பேருக்கு அப்படி இருக்கிறது. அது இயல்பான வேறுபாடாகவே கொள்ளப்படுகிறது. அதை வைத்து முளையச் சோதனைக்குப் போக வேண்டியதில்லை.

கலைந்த கருவின் இழையம்

எல்லாத் தெரிவுகளிலும் அதிகம் கைவிடப்படுவது இதுதான், எனக்கு அதிகம் வருத்தம் தருவதும் இதுதான். முதல் மூன்று மாதத்தில் கலையும் கருக்களில் ஏறத்தாழ பாதிக்கு நிறமூர்த்தக் கோளாறே காரணம். கூடியிருப்பவற்றில் அதிகம் காணப்படுவது 16ஆம் நிறமூர்த்தம். இவற்றில் பெரும்பாலானவை அந்த ஒரு முட்டை உருவாகும்போது தற்செயலாக நடந்தவை. பெற்றோரின் நிறமூர்த்தத்தில் ஒன்றும் இருக்காது. கலைந்த கருவில் 16 மூன்று இருந்தது என்று தெரிந்தால், அந்தப் பெண் பாரம் தூக்கியதாலும் இல்லை, அன்னாசி சாப்பிட்டதாலும் இல்லை, பயணம் போனதாலும் இல்லை என்று தெரிந்து விடும். அந்த ஒரு வரிக்கு எவ்வளவு பெறுமதி என்று, வருசக்கணக்காகக் குற்றம் சுமந்த பெண்ணைப் பார்த்தால் புரியும். மறுபக்கம், இழையத்தில் ஒரு நிறமூர்த்தத்தின் துண்டு கூடி இன்னொன்றின் துண்டு குறைந்திருப்பதாக வந்தால், பெற்றோரில் ஒருவரிடம் இடமாற்றம் இருக்கிறதா என்று உடனே தேட வேண்டும் என்பதற்கு அது அடையாளம்.

பிரச்சினை போத்தலில் இருக்கிறது. கருப்பையைச் சுத்தம் செய்யும்போது எடுக்கும் இழையத்தைப் பழக்கத்தில் போமலினுக்குள் போட்டு விடுவார்கள். நோயியல் பரிசோதனைக்கு அதுதான் சரி. ஆனால் போமலின் கலத்தைக் கொன்று விடும், பிறகு கரியோடைப்புக்கு வளர்க்க முடியாது. அதற்குக் கிருமி நீக்கிய சேலைனிலோ வளர்ப்பு ஊடகத்திலோ போட வேண்டும். சத்திரசிகிச்சைத் தியேட்டருக்குப் போக முன்னரே, "இழையத்தை நிறமூர்த்தச் சோதனைக்கும் அனுப்ப வேணும், ஒரு பகுதியைச் சேலைனில் தாங்கோ" என்று கேளுங்கள். அந்த நேரத்தில் அந்தப் பெண்ணால் கேட்க முடியாது. கணவனோ அக்காவோதான் கேட்க வேண்டும்.

இங்கே எந்த முறை மேல் என்றால், பெற்றோரின் இரத்தத்துக்குச் சொன்னதற்கு நேர் எதிராகச் சொல்வேன். இழையம் பல தடவை வளராது. வளர்ந்தாலும் தாயின் கலங்கள் வளர்ந்து பெண்பிள்ளை இயல்பு என்ற பொய்யான முடிவு வரும். ஆகவே இழையத்துக்கு மைக்ரோஅறே, கிடைக்குமானால், நல்லது. அதற்கு உயிருள்ள கலம் வேண்டாம். கூடவே தாயின் இரத்தத்தையும் கொடுத்தால் கலப்பு இருக்கிறதா என்று பிரித்துச் சொல்வார்கள்.

முளையத்தைச் சோதிப்பது

ஐ.வி.எப். முளையத்தில் கரியோடைப் செய்ய முடியாது. எடுக்கக்கூடியது ஒரு சில கலங்கள்தான், அவையும் சரியாகப் பிரியும் தறுவாயில் இருக்காது. நிறமூர்த்தத்தின் உருவத்தைப் பார்க்காமலே அதை அடையாளம் காண வேண்டிய தேவை அங்கிருந்து வந்தது. 1990 இல் லண்டனில் அலன் ஹான்டிசைட் குழு, ஆண்களில் இருக்கும் வை (Y) நிறமூர்த்தத்துக்கு உரிய ஒரு டி.என்.ஏ. துண்டைப் பெருக்கிப் பார்த்து, ஆண்பிள்ளைகளைத் தாக்கும் பரம்பரை நோய் உள்ள குடும்பங்களுக்குப் பெண் முளையங்களைத் தெரிந்து வைத்தது. முளையச் சோதனையின் தொடக்கம் அது.

அப்புறம் பிஷ் (FISH) என்னும் முறை வந்தது. ஒரு நிறமூர்த்தத்தின் குறிப்பிட்ட இடத்தில் மட்டும் போய் ஒட்டும் டி.என்.ஏ. துண்டுக்கு ஒளிரும் சாயம் சேர்த்துக் கலத்துக்குள் விடுவார்கள். இரண்டு புள்ளி தெரிந்தால் இரண்டு, மூன்று தெரிந்தால் மூன்று. புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் இரண்டு ஒன்றாகத் தெரியும். ஒரு தடவையில் சில நிறங்களே போட முடியும் என்பதால் 1 முதல் 22 வரையும் எக்ஸ், வையுமாக இருக்கும் 24 வகையும் பார்க்க முடியாது. அதோடு மூன்றாம் நாள் முளையத்தின் எட்டுக் கலத்தில் ஒன்றைக் கிள்ளி எடுத்தார்கள். இது கருத்தரிப்பைக் கூட்டும் என்று உலகமெங்கும் விற்றார்கள். 2007 இல் நெதர்லாந்தில் 35 முதல் 41 வயது வரையான 408 பெண்களில் செய்த ஆய்வு வெளிவந்தது: சோதித்தவர்களில் உயிரோடு பிள்ளை பெற்றவர்கள் நூற்றுக்கு 24, சோதிக்காதவர்களில் 35. உதவி செய்யவில்லை என்பது மட்டுமல்ல, வாய்ப்பைக் குறைத்தது. பிஷ்ஷை வைத்து முளையத்தை வடிகட்டும் காலம் அதோடு இறங்கியது. இன்றும் யாராவது "ஐந்து நிறமூர்த்தம் மட்டும் பார்க்கிறோம், குறைந்த விலை" என்றால் எழுந்து வந்து விடுங்கள். ஆனால் வயிற்றில் வளரும் பிள்ளையில் 13, 18, 21, எக்ஸ், வை ஆகியவற்றை ஓரிரு நாளில் பார்க்கவும், இடமாற்றத்தை உறுதிப்படுத்தவும் பிஷ் இன்றும் பயன்படுகிறது.

பிறகு அறே முறை வந்து 24 வகையையும் ஒன்றாகப் பார்த்தது. இப்போது பெரும்பாலும் என்.ஜி.எஸ். என்னும் தொடர் வாசிப்பு முறை. ஐந்தாம் அல்லது ஆறாம் நாள் முளையத்தின் வெளிப்பக்கப் படலத்தில் இருந்து ஐந்து முதல் பத்துக் கலங்கள் எடுப்பார்கள். ஒரு கலத்தில் இருக்கும் டி.என்.ஏ., ஒரு கிராமை இலட்சம் கோடிப் பங்காக்கினால் அதில் ஆறு பங்கு அளவுதான். அதைப் பெருக்கி, இலட்சக்கணக்கான சிறு துண்டுகளாக வாசித்து, ஒவ்வொரு துண்டும் எந்த நிறமூர்த்தத்துக்கு உரியது என்று பொருத்தி எண்ணுவார்கள். 21க்கு உரிய துண்டுகள் எதிர்பார்த்ததைவிட ஒன்றரை மடங்கு வந்தால் மூன்று இருக்கிறது. முளையம் அதுவரை உறைநிலையில் நிலையத்திலேயே இருக்கும். கலங்கள்தான் பயணம் போகும்.

இதில் தெரியாதவை: சமநிலை இடமாற்றம் உள்ள முளையத்தையும் முற்றிலும் இயல்பான முளையத்தையும் இது பிரிக்காது. மிகச் சிறிய துண்டுகள் தப்பும். எல்லா நிறமூர்த்தமும் மும்மடங்காக இருந்தால் அளவு எல்லாவற்றிலும் ஒன்றாகக் கூடுவதால் சில வேளை இயல்பாகவே தெரியும், எஸ்.என்.பி. என்னும், ஆளுக்கு ஆள் மாறும் டி.என்.ஏ. எழுத்துகளையும் சேர்த்துப் பார்க்கும் முறைகள் அதைப் பிடிக்கும். எடுத்த கலங்கள் நச்சுக்கொடியாக மாறப் போகிற பகுதி, பிள்ளையாக மாறப் போகிற பகுதி அல்ல. சில கலம் இயல்பாகவும் சில கலம் கோளாறாகவும் கலந்திருந்தால் "மொசைக்" என்று எழுதுவார்கள். 2015 இல் இத்தாலியக் குழு ஒன்று அப்படியான முளையங்களை 18 பெண்களுக்கு வைத்ததில் 6 சுகமான பிள்ளைகள் பிறந்தன. மொசைக் என்று வந்தவுடன் வீசச் சொல்பவர்களிடம் இதைக் கேட்க வேண்டும்.

சரி, இது யாருக்குப் பயன்? பெற்றோரின் கரியோடைப் இயல்பு, பெண்ணின் வயது 35க்குக் கீழே என்றால் நான் வேண்டாம் என்பேன். 2021 இல் வெளிவந்த சீன ஆய்வில் 20 முதல் 37 வயது வரையான, மூன்று நல்ல முளையமாவது கிடைத்த 1,212 பெண்களைப் பார்த்தார்கள். தொடர்ந்து முளையம் வைத்ததில் பிள்ளை பெற்றவர்கள் சோதித்த பக்கம் நூற்றுக்கு 77.2, சோதிக்காத பக்கம் 81.8. சோதனை கெட்ட முளையத்தை நல்லதாக்காது. இருப்பதைத் தரம் பிரிக்கும், அவ்வளவுதான். 40ஐ நெருங்குகிறவர்களில் முளையங்களில் பாதிக்கு மேல் கோளாறாக இருப்பதால், வைத்து வைத்துக் கலையும் துன்பத்தை அது குறைக்கலாம். ஆனால் நல்ல முட்டை இல்லாத இடத்தில் சோதனை முட்டை தராது. அந்த வயதில் வருகிறவரிடம் இதைச் சொல்லாமல் காசு வாங்குவது சரியில்லை.

பெற்றோரில் இடமாற்றம் இருந்தால் கணக்கு மாறும். அங்கே எந்தத் துண்டைத் தேடுகிறோம் என்று தெரியும். ரொபர்ட்சோனியனில் முழு நிறமூர்த்தமே கூடிக் குறைவதால் என்.ஜி.எஸ். இலகுவாகப் பிடிக்கும். துண்டுகள் இடம் மாறிய வகையில், நுனியில் சிறு துண்டு மட்டும் மாறியிருந்தால் ஆய்வுகூடம் முதலில் கேட்பது பெற்றோரின் கரியோடைப் ரிப்போர்ட்டைத்தான். முறிவு எந்தப் பட்டையில், துண்டு எவ்வளவு பெரியது, தங்கள் முறையில் அது தெரியுமா என்று பார்த்துத்தான் ஒத்துக்கொள்வார்கள். ரிப்போர்ட் இல்லாமல் எடுத்த முளையச் சோதனை அந்தத் துண்டைக் கண்டதா என்று யாராலும் சொல்ல முடியாது.

சென்னைக்குப் போக நினைப்பவர்கள் இரண்டு விசயம் தெரிந்து வைத்திருங்கள். இந்தியாவின் 2021ஆம் ஆண்டுச் சட்டம், அறியப்பட்ட பரம்பரை, மரபணு நோய்களுக்காகவே முளையச் சோதனை என்கிறது. அங்கேயும் கரியோடைப் ரிப்போர்ட் உங்கள் கையில் இருக்க வேண்டும். 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஆணா பெண்ணா என்று சொல்ல மாட்டார்கள். கேட்கவும் வேண்டாம்.

ஐ.வி.எப். இல்லாமல்

இடமாற்றம் இருப்பதாகத் தெரிந்ததும் ஐ.வி.எப். ஒன்றே வழி என்று நினைத்து விடுகிறார்கள். அப்படி இல்லை. இடமாற்றம் உள்ள தம்பதிகளில் பாதிக்கு மேற்பட்டோர் இயற்கையாகவே, இடையில் ஒரு கலைவைத் தாங்கியாவது, சுகமான பிள்ளை பெறுகிறார்கள். வயது குறைந்தவர்களுக்கு, கரு இலகுவாகத் தங்குகிறவர்களுக்கு, இதுவும் முழுமையான ஒரு தெரிவுதான். காசு இல்லாதவர்களுக்கான இரண்டாம் தர வழியாக இதைப் பார்க்க வேண்டாம்.

அந்த வழியில் போனால் 10 கிழமைக்குப் பிறகு தாயின் இரத்தத்தில் பிள்ளையின் டி.என்.ஏ.யைப் பார்க்கலாம், 1997 இல் டெனிஸ் லோ கண்டதன் பலன். 21 அல்லது 13 கூடியிருக்குமோ என்ற பயத்துக்கு இது நல்ல வடிகட்டி, ஆனால் தீர்ப்பு இல்லை. மற்றத் துண்டு இடமாற்றங்களுக்கு இதை நம்ப வேண்டாம். தீர்ப்பு வேண்டுமென்றால் 11 முதல் 13 கிழமையில் நச்சுக்கொடி இழையம், அல்லது 15 கிழமைக்குப் பிறகு பனிக்குட நீர் எடுக்க வேண்டும்.

இந்த இழையத்தையோ நீரையோ எடுக்க முன்னர் கணவன் மனைவி இருவரும் இருந்து கதைக்க வேண்டிய விசயம் ஒன்று உண்டு. இலங்கையில் 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவைப்படி, தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டுமே கருவைக் கலைக்கலாம். கோளாறு தெரிந்தாலும் சட்டப்படி அடுத்த தெரிவு இல்லை. சிலர் இதனாலேயே வேண்டாம் என்பார்கள். சிலர் ஆயத்தமாக இருக்கத் தெரிந்துகொள்ள விரும்புவார்கள்: டவுன் சின்ட்ரோம் பிள்ளைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இதயக் குறை இருக்கும், வசதியுள்ள வைத்தியசாலையில் பிள்ளைப்பேற்றை ஒழுங்கு செய்ய அது உதவும். தெரிந்துகொண்டு தாங்க முடியாது என்று நினைப்பவர்களுக்கு முளையச் சோதனைக்கு உண்மையான பெறுமதி இங்கேதான் வருகிறது. கோயில், பள்ளிவாசல், தேவாலயம் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நியாயம் இருக்கும். அதை வைத்தியரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். உங்களுக்குப் பொருந்தாத வழியில் அவர் நேரம் செலவழிக்கத் தேவையில்லை.

முளையச் சோதனைக்குப் போனவர்களிடம் ஒரு கேள்வி வரும்: சமநிலை இடமாற்றம் உள்ள முளையத்தையும் பிரித்துக் காட்டும் முறை இருக்கிறது, கூடுதல் காசுக்குச் செய்யட்டுமா? என் பதில், வேண்டாம். அந்த முளையம் அப்பாவைப் போல, அல்லது அம்மாவைப் போல ஒரு ஆள். சுகமாக வளர்ந்த ஒருவரிடம் இருப்பதை அவருடைய பிள்ளையிடம் இருக்கக் கூடாது என்று கழித்து விட்டால், கையில் மிஞ்சும் முளையங்கள்தான் குறையும். பிள்ளை வளர்ந்து கல்யாண வயதுக்கு வரும்போது ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்து விளக்கினால் போதும்.

ரிப்போர்ட்டில் இடமாற்றம் என்று வந்தால், பெற்றோரிடம் இருந்து வந்ததா என்று பார்க்க அவர்களின் இரத்தமும் எடுப்பார்கள். வந்திருந்தால் அண்ணன், தங்கச்சி ஒவ்வொருவருக்கும் அது இருக்க அரைக்கு அரை வாய்ப்பு உண்டு. வெட்கப்பட்டு மறைக்காமல் அவர்களிடமும் சொல்லுங்கள். அவர்களும் சோடியாக வந்து, பச்சை மூடி ரியூப்பில், கிழமையின் தொடக்கத்தில் இரத்தம் கொடுக்கட்டும்.